தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது

இஸ்கந்தர் புத்ரி
18 பிப்ரவரி 2025

நுஸ்ரத்துக்கு,

உன் கைப்பேசியில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. பெக்கோக்கில் உன் அண்ணன் கடைக்கு அழைத்தேன். "இங்கதான் இருக்கா, கல்லாவுல உக்காந்திருக்கா. உங்கிட்ட பேச மாட்டேங்கிறா லா, நான் என்ன செய்ய?" என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால்தான் தபால். தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு தாளில் தமிழ் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் ராஜினாமாவை ராஜசேகரன் இன்னும் ஏற்கவில்லை. அவர் கம்பெனிக்குப் பணம் போட்டவர். நான் வாடிக்கையாளர்களோடு பேசுகிறவள். அந்த மென்பொருள் உள்ளே எப்படி ஓடுகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. எழுதியவள் நீ. நடுக்கூட்டத்தில் எழுந்து போய்விட்டால் மற்றவர்கள் என்ன செய்வது என்று யோசித்தாயா?

குளுவாங் டயாலிசிஸ் நிலையத்தில் நடந்தது வருத்தமான விஷயம்தான். நானும் மனுஷிதான், நுஸ்ரத். ஆனால் நம் நான்கு கணினிகளில் ஒன்றே ஒன்று, பாதி நாள் தடுமாறியது. அவ்வளவுதான் நம் பங்கு. அந்தப் பெரியவருக்கு மருந்து கொடுத்த தாதி திரையை மட்டும் நம்பாமல் காகிதத்தையும் ஒருமுறை பார்த்திருக்கலாம் இல்லையா?

பிழை வந்தால் வாடிக்கையாளருக்கு உடனே செய்தி போகும்படி நீ எழுதி வைத்திருந்தாய். அதை நிறுத்தச் சொன்னது நான்தான். எல்லோருக்கும் தெரிந்ததுதான், மறைக்கவில்லை. சின்னத் தடங்கலுக்கெல்லாம் செய்தி போய், "உங்க சாமான் தினமும் அழுவுது, இதுக்கா நாங்க வாங்கினோம்?" என்று திட்டு வாங்கியது யார்? பினாங்கு வாடிக்கையாளர் அதைச் சொல்லித்தானே விலகிப் போனார்? அன்று நீயும் தலையாட்டினாய்.

திரும்பி வா. கோபமாக இருந்தால் என்னோடு பேசாமலே வேலை செய்.

இந்த விஷயத்தைக் கம்பெனி மின்னஞ்சலில் எழுதக்கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

பிரவீனா


பெக்கோக்
24 பிப்ரவரி 2025

பிரவீனா,

கடைசி வரிதான் முதலில் கண்ணில் பட்டது. கிழித்துப் போட வேண்டிய கடிதத்தை எதற்கு எழுதுகிறாய்? இருபது வருடப் பழக்கத்தில் உன்னிடமிருந்து எனக்கு வந்த முதல் கடிதம், வழக்கறிஞர் சொன்னபடி கம்பெனிப் பதிவில் இல்லாமல் இருப்பதற்காகத் தாளில் எழுதப்பட்டது. அதைத் தொட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

கூட்டத்தில் நான் சொன்னதை நீ கேட்கவில்லை. கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தாய். அதனால் மறுபடி சொல்கிறேன்.

நோயாளியின் விவரமெல்லாம் ஒரு பெரிய கிடங்கில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டால் நேரமாகும் என்பதால் நடுவில் நான்கு கணினிகளை வைத்து, அடிக்கடி தேவைப்படும் விவரங்களின் நகலை அவற்றின் நினைவில் வைத்திருக்கிறோம். நாம் விற்கும் 'கேஷ்' என்கிற நகல்-நினைவு மென்பொருளின் வேலை அதுதான். கிடங்கில் ஒன்று மாறினால் நான்கு நகலும் மாறவேண்டும். அன்று காலையில் ஒரு கணினியில் நான் எதிர்பார்க்காத பிழை வந்தது. மாற்றங்களைக் கேட்டு வாங்கும் பகுதி செத்துப்போனது. பதில் சொல்லும் பகுதி மட்டும் உயிரோடு இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் பழைய விவரத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. செத்தது என்று யாருக்காவது ஒரு செய்தி போயிருக்க வேண்டும். நீ நிறுத்தி வைத்திருந்தாய். நான் தலையாட்டினேன், உண்மைதான். தொந்தரவான சின்னச் செய்திகளை நிறுத்துவதற்குத்தான் தலையாட்டினேன். நீ எல்லாவற்றையும் நிறுத்தினாய்.

திருச்செல்வம் என்ற அந்தப் பெரியவர் முந்தின நாள் பல் பிடுங்கியிருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பரின் மருந்து இந்த முறை வேண்டாம் என்று மருத்துவர் காலையிலேயே பதிந்திருக்கிறார். திரையில் பழைய அளவு வந்தது. தாதி போட்டார். வீட்டுக்குப் போன மனுஷன் வாய் நிறைய ரத்தத்தைத் துப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். "பாதி நாள் தடுமாறியது" என்று நீ எழுதியிருப்பது இதைத்தான்.

அந்தக் கூட்டத்தை இன்னொரு தடவை நினைத்துப் பார். ராஜசேகரன் எண்ணெயில் பொரித்த கறிபாப் தின்றுகொண்டிருந்தார். மேசையில் குளுவாங்கிலிருந்து வந்த புகார். அந்த மனுஷனுக்கு எத்தனை பை ரத்தம் ஏற்றினார்கள் என்று அதில் இருந்தது. விரலில் இருந்த எண்ணெயை அந்தத் தாளிலேயே துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்: "கேட்டா சொல்லிக்கலாம். கேக்காதவங்ககிட்ட நாமளா போயி எதுக்குச் சொல்லணும்?" நீ சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் உடனே மடிக்கணினியைத் திறந்து பதில் அடித்தாய்: "எங்கள் மென்பொருள் வழக்கம்போல் இயங்கியது." எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தாய். நான் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அங்கிருந்து அப்படியே கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டேன்.

நான் திரும்பி வரமாட்டேன். பிழையைச் சரிசெய்யும் வழியை உன் ஆட்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அது சின்ன வேலை. பெரிய வேலை உன்னுடையது. குளுவாங்குக்கும் மற்ற எல்லா வாடிக்கையாளர்களுக்கும் நடந்ததைச் சொல். நடந்ததை மட்டும் சொல்.

நுஸ்ரத்


இஸ்கந்தர் புத்ரி
5 மார்ச் 2025

நுஸ்ரத்,

நீ சொன்னதைச் செய்துவிட்டேன். ராஜசேகரனோடு மல்லுக்கட்டி, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அறிவிப்பு அனுப்ப வைத்தேன். அவ்வளவு சுலபமாக நடந்துவிடவில்லை. "நாமளே நம்ம தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கணுமா?" என்று கத்தினார். நான் விடவில்லை. ஆங்கிலத்தில் போனதை உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்:

"எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்துக்கொள்வது. சேவைத் தரத்தை மேலும் உயர்த்தும் முயற்சியாக, மிக அரிதான சூழல்களில் விவரங்கள் புதுப்பிக்கப்படுவதில் நேரக்கூடிய சிறு தாமதத்தைக் குறைக்கும் மேம்பாடு ஒன்றை இந்தப் பதிப்பில் சேர்த்திருக்கிறோம். தங்கள் தரப்பில் எந்த நடவடிக்கையும் தேவையில்லை. தொடர்ந்து தரும் ஆதரவுக்கு நன்றி."

வழக்கறிஞர் பார்த்துத் திருத்திய வாசகம். இதில் பொய் என்று ஒரு சொல்லைக் காட்ட முடியாது. நீ அனுப்பிய திருத்தமும் எல்லாக் கணினிகளுக்கும் போய்விட்டது. இனி அப்படி நடக்காது.

குளுவாங் நிலையத்தின் பொறுப்பாளர் மூர்த்தி நேற்று அழைத்தார். அவர்களும் உள்ளே நடவடிக்கை எடுத்துப் பிரச்சினையை முடித்துவிட்டார்களாம். அந்தப் பெரியவர் வீடு திரும்பிவிட்டார். எல்லாம் முடிந்தது என்றே வைத்துக்கொள்.

நோன்பு தொடங்கியிருக்குமே. உடம்பைப் பார்த்துக்கொள். பதிலாவது கொஞ்சம் இரக்கமாக எழுது.

பிரவீனா


பெக்கோக்
14 மார்ச் 2025

பிரவீனா,

உன் அறிவிப்பை நானாவிடம், நீ அழைத்தபோது எடுத்த அதே அண்ணனிடம், படித்துக் காட்டினேன். ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே கேட்டார். "நல்ல செய்திதானே? எதையோ நல்லா ஆக்கியிருக்காங்க போல" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. படிக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அப்படித் தோன்றவேண்டும் என்றுதானே உட்கார்ந்து செதுக்கியிருக்கிறீர்கள். பொய் இல்லாமல் ஒரு பொய்யைச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாய். எனக்கு உன்மேல் இருந்தது கோபம் என்று நினைத்தேன். இப்போது அது கோபமாக இல்லை. சாப்பாட்டில் முடி கிடந்தால் தட்டைத் தள்ளுவோமே, அது மாதிரி இருக்கிறது.

"உள்ளே நடவடிக்கை" என்றால் என்னவென்று கேட்டாயா? நான் கேட்டேன். நானாவின் வேனை வாங்கிக்கொண்டு போனேன்.

முதலில் லாயாங் லாயாங் ஊரில் அந்தப் பெரியவர் வீடு. திருச்செல்வம் ஐயா அரிசிக் கஞ்சி தவிர எதுவும் சாப்பிடுவதில்லை. எழுந்து நடக்க மனைவி ராசம்மா தோள் கொடுக்கவேண்டும். நான் யார் என்று சொல்லி, தப்பு எங்கள் கணினியில்தான் என்றேன். ராசம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த நர்ஸ் ஒங்கள அனுப்பினாளா? கம்ப்யூட்டருக்கு என்னாம்மா தெரியும்? மனுசன் போடுறததானே அது காட்டுது? அவ தூக்கக் கலக்கத்துல ஊசி போட்டுட்டு இப்ப கத கட்டுறா. மார்க்கெட்டுல வச்சுப் பாத்தேன், நல்லா கேட்டுட்டேன். கை அழுகிப் போவும்னு சாபம் விட்டு மூஞ்சியில காறித் துப்பினேன்." எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. வேலையை விட்டு வந்த ஒருத்தி சொல்வதை ஏன் நம்பவேண்டும்?

பிறகு குளுவாங்கில் அந்தத் தாதியின் வீடு. பெயர் சாந்தினி. மூர்த்தி எல்லாத் தாதிகளையும் கூட்டி வைத்து, அவர்கள் முன்னால் வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார். ஏன் தெரியுமா? சாந்தினி அக்கா, "திரையில பழைய அளவுதான் இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லியிருக்கிறார். மூர்த்தி திரையைத் திறந்து காட்டியிருக்கிறார். அதில் மருந்து வேண்டாம் என்று தெளிவாக இருந்ததாம்.

இருக்கத்தானே செய்யும்? மாலையில் நாம்தான் அந்தக் கணினியை நிறுத்தி மறுபடி இயக்கினோமே. இயக்கியதும் சரியான நகல் வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் அது என்ன காட்டியது என்பது நம் அலுவலகத்தில் இருந்தவர்களைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு நாம் தேநீர் குடிக்கப் போனோம்.

அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மொதல்ல நான் உறுதியாத்தான் இருந்தேன். பெறகு எல்லாரும் சொல்லச் சொல்ல, நான்தான் சரியா பாக்கலயோன்னு ஆயிருச்சு. இப்ப கறிக்கு உப்பு போட்டாகூட, போட்டேனா போடலயான்னு ரெண்டு தடவ வாயில வச்சுப் பாக்குறேன்."

"அக்கா, நீங்க பாத்தது சரிதான்" என்றேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "ஒங்களுக்கு எப்ப தெரியும்?" என்றார். அன்று சாயந்திரமே என்றேன். உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் வேண்டும் என்பது போல. பிறகு, "எழுத்துல தருவீங்களா?" என்று கேட்டார்.

கம்பெனி விஷயத்தை வெளியே பேசமாட்டேன் என்று நானும் கையெழுத்துப் போட்டவள்தான். என் கடிதத்தை, வேலையை விட்டுப் போனவளின் வஞ்சம் என்று ராஜசேகரன் ஒரே வரியில் தள்ளிவிடுவார். "வழக்கம்போல் இயங்கியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நீ. இல்லை என்று எழுதவேண்டியவளும் நீதான். மாத முடிவு வரைக்கும் பார்ப்பேன்.

நுஸ்ரத்


இஸ்கந்தர் புத்ரி
19 மார்ச் 2025

நுஸ்ரத்,

நீ அங்கே போனது ராஜசேகரனுக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை, நம்பு. உன்மேல் வழக்குப் போடுவதாகச் சொல்கிறார். வெறும் மிரட்டல் என்று நினைக்காதே.

உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து என் மனதும் சரியில்லை. ஆனால் அடுத்த மாதம் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறது. அது போய்விட்டால் கம்பெனியை மூடவேண்டியதுதான். இங்கே வேலை செய்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நீதான் வேலை கொடுத்தாய். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது உனக்குப் பொருட்டில்லையா?

கொஞ்ச நாள் பொறு. கையெழுத்தானதும் நானே சாந்தினிக்கு எழுதித் தருகிறேன். சத்தியமாக.

இன்னொன்று. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சொல்கிறேன். ராஜசேகரன் என்னை ஒரு அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தக் குழுமம் குளுவாங் சம்பவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கேட்டிருக்கிறதாம். "பயனர் கவனக்குறைவு" என்று எழுதி, தாதியின் பெயரையும் போடவேண்டும் என்கிறார். "பேரு போட்டாத்தான் நம்புவாங்க பிரவீனா. நமக்கென்ன, அவ ஏற்கனவே வேலய விட்டுப் போயாச்சு" என்றார். பெயரைத் தவிர மற்றதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

பிரவீனா


பெக்கோக்
24 மார்ச் 2025

பிரவீனா,

மற்றதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறாய். அதைச் சொல்லி என்னிடம் என்ன எதிர்பார்த்தாய்? பெயரை விட்டதற்கு நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுக்கவா?

மாத முடிவு வரை காத்திருப்பதாகச் சொன்னேன். இனி காத்திருக்க என்னால் ஆகாது. அன்று நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை எழுதி மூர்த்திக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அடியில் என் பெயர், அடையாள அட்டை எண், நானாவின் கடை முகவரி. ராஜசேகரனுக்கு வழக்குப் போட வசதியாக இருக்கும்.

அடுப்பு எரிவதைப் பற்றி எழுதியிருந்தாய். சாந்தினி அக்கா வீட்டிலும் அடுப்பு இருக்கிறது. நான் பார்த்தேன்.

இனி எனக்கு எழுதாதே.

நுஸ்ரத்


ஜொகூர் பாரு
9 ஏப்ரல் 2025

நுஸ்ரத்,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படித்துவிடு. பிறகு உன் இஷ்டம்.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் மூர்த்தி நேரில் வந்தார். கையில் உன் கடிதம். ராஜசேகரன் அவரை அறையில் உட்கார வைத்து, பெருநாள் பலகாரத் தட்டை முன்னால் நகர்த்தி வைத்தார். என்னையும் கூப்பிட்டார். என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று வழக்கறிஞர் எனக்கு முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். "எங்களிடம் உள்ள தகவலின்படி அப்படி எதுவும் உறுதியாகவில்லை." அந்த வரியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சொல்வதற்குத் தயாராகத்தான் உள்ளே போனேன். உன்னிடம் நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதை மாற்றி எழுத விரும்பவில்லை.

மூர்த்தி சொன்னார்: "நான் அவள ஸ்டாஃப் எல்லார் முன்னாடியும் வச்சுப் பொய் சொல்றேன்னு சொன்னவன். இப்ப இந்தக் கடுதாசி வேற மாதிரி சொல்லுது. ஒரே கேள்விதான் மிஸ் பிரவீனா. அன்னிக்குத் திரையில பழைய அளவு வந்துச்சா, இல்லயா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று நான் சொல்லவேண்டும் என்று அந்த முகம் கெஞ்சியது, நுஸ்ரத். உண்மை தெரிந்துகொள்ள வந்தவர் முகம் இல்லை அது. இந்தப் பக்கம் ராஜசேகரன். அவரும் என் வாயைத்தான் பார்த்தார். இருவருக்கும் வேண்டியது ஒரே பதில். பசி எடுத்தவர்கள் கரண்டியைப் பார்ப்பது போல இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த மேசையில் நான் மூன்றாவது ஆள் என்பதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

"வந்துச்சு" என்றேன். "அன்னிக்குச் சாயந்திரமே எங்களுக்குத் தெரியும்."

ராஜசேகரன் எழுந்து வெளியே போனார். மூர்த்தி உன் கடிதத்தை மடித்து வைத்தார். அப்புறம் என்ன சொன்னார் என்று நினைக்கிறாய்? தணிந்த குரலில், "சரி, இத எழுத்துல குடுக்க வேணாம். அந்தக் குடும்பம் கேஸ் போட்டா நாங்களும்தான் மாட்டுவோம். நீங்களும் பேசாம இருங்க, நாங்களும் பேசாம இருக்கோம்லா" என்றார். எழும்போது ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே போனார்.

அன்று மாலையே எச்சரிக்கும் வசதியை மறுபடி திறந்துவிடச் செய்து, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் என் பெயரில் எழுதினேன். யாரிடமும் காட்டவில்லை. எங்கள் மென்பொருளில் பிழை வந்தது, அது பழைய விவரத்தைப் புதிய விவரம் போலக் காட்டியது, எச்சரிக்கும் வசதியை நாங்களே நிறுத்தி வைத்திருந்தோம், இதனால் ஒருவருக்கு ஆபத்து நேர்ந்தது, தாதிமேல் தவறில்லை, எங்களுக்குத் தெரிந்தும் மறுத்தோம் என்று எழுதினேன். வேறெதுவும் எழுதவில்லை. சாந்தினிக்குத் தனியாக ஒரு கடிதம், கம்பெனித் தாளில், கையெழுத்தோடு.

மறுநாள் காலை என் வேலை போய்விட்டது. இப்போது என் அக்கா வீட்டில் இருக்கிறேன்.

நீ பெருமைப்படுவாய் என்று இதை எழுதவில்லை. பதில்கள் வந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அலுவலகத்தை விட்டுப் போவதற்கு முன் எல்லாவற்றையும் படித்தேன். ஆபத்து நேர்ந்தவர் எப்படி இருக்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சிலர் வேகம் குறையுமா என்று கேட்டார்கள். எச்சரிக்கையை மறுபடி திறந்துவிட்டதால் செய்திகள் வருகின்றன, எங்கள் ஊழியர்கள் பயப்படுகிறார்கள், தயவுசெய்து அதை நிறுத்திவையுங்கள் என்று சிலர். அவர்களில் மூர்த்தியும் ஒருவர்.

பிரவீனா


பெக்கோக்
17 ஏப்ரல் 2025

பிரவீனா,

படித்தேன். சாந்தினி அக்காவும் உன் கடிதத்தின் படத்தை அனுப்பியிருந்தார். அதில் நீ எதையும் பூசி மெழுகவில்லை. இதைத்தான் பிப்ரவரியில் கேட்டேன்.

உன்னை மன்னிக்க என்னிடம் எதுவும் இல்லை, நான் பாதிக்கப்பட்டவள் அல்ல. உன்னைப் பார்க்க இன்னும் எனக்கு விருப்பமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூர்த்தி அக்காவைத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். "நடந்தத மறந்துட்டு வா" என்றாராம். அக்கா போகவில்லை. உன் கடிதத்தைக் காட்டி வேறு ஒரு கிளினிக்கில் சேர்ந்துவிட்டார். ஆனால் அவருக்கு ஒரு குறை இருக்கிறது. ராசம்மாவுக்கு இன்னும் தெரியாது. நிலையத்திலிருந்து யாரும் போய்ச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். மார்க்கெட்டுக்குப் போக அக்காவுக்குக் கால் வரவில்லை.

வாடிக்கையாளர்களுக்கெல்லாம் தெரிவித்துவிட்டாய். தெரிவிக்கவேண்டியவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வேலை இல்லை. அவரைக் கூட்டிக்கொண்டு லாயாங் லாயாங் போ. நான் வரமாட்டேன். நான் சொல்லி அவர் நம்பவில்லை. நீதான் சொல்லவேண்டும்.

நுஸ்ரத்


ஜொகூர் பாரு
28 ஏப்ரல் 2025

நுஸ்ரத்,

நேற்றுப் போனோம். குளுவாங்கில் காரில் ஏறும்போது சாந்தினி பின்கதவைத் திறந்து பின்னால் உட்கார்ந்தார்.

சாந்தினியை வாசலில் பார்த்ததும் ராசம்மாவின் முகம் கறுத்தது. திருச்செல்வம் ஐயாதான், "வீட்டுக்கு வந்தவங்கள வாசல்ல நிக்க வைக்காத" என்றார். உள்ளே உட்கார்ந்தோம். வீட்டு முறைக்காக ராசம்மா மூன்று கிளாஸில் தேநீர் கொண்டுவந்து வைத்தார். சாந்தினிக்கு வைக்கும்போது அவரைப் பார்க்காமலே வைத்தார்.

நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, நான் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்தவ. அன்னிக்கு ஐயாவுக்கு மருந்து வேணாம்னு டாக்டர் எழுதிட்டாரு. எங்க கம்ப்யூட்டர் போட்டுறச் சொல்லி பழைய அளவக் காட்டுச்சு. இவங்க அதப் பாத்துத்தான் போட்டாங்க. இவங்க மேல தப்பே இல்ல. கம்ப்யூட்டர் கெட்டுப்போனா சொல்லுற மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அத நிறுத்தி வச்சது நான்தான். டயாலிசிஸ் நிலையத்துலேருந்து கேட்டப்ப, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்ததும் நான்தான்."

ஐயா, "அப்ப ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?" என்று கேட்டார். பற்கள் இல்லாததால் சொற்கள் காற்றோடு வந்தன. கோபமே இல்லாமல் கேட்டார்.

"தெரியுங்க ஐயா. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பவே தெரியும்."

"அந்தச் சொல்லுற சாமான், இப்ப சொல்லுமா?"

"தொறந்து விட்டேன். ஆனா அங்க இருக்கிறவங்க மறுபடி நிறுத்தச் சொல்லிட்டாங்க." அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அந்த நிலையத்துக்குத்தான் வாரத்தில் மூன்று நாள் போகிறார். வேறு இடம் இல்லை. போகும்போதெல்லாம் மருந்து அளவைக் காகிதத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ராசம்மா எழுந்து சாந்தினியிடம் போனார். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஒன் கை அழுகிப் போவும்னு சொன்னேனே" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். சாந்தினி அப்போதுதான் அழுதார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ராசம்மா எழுந்தார். என் முன்னால் இருந்த கிளாஸை எடுத்தார். நான் அதை இன்னும் தொடவில்லை, சூடாகத்தான் இருந்தது. பின்னால் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினார். ஊற்றும் சத்தம் கேட்டது. கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றார்.

"சொல்ல வந்தத சொல்லிட்ட இல்ல?"

"ஆமாம்மா."

சாந்தினி எழுந்திருக்கவில்லை. ராசம்மா கதவை அகலமாகத் திறந்தார். யார் வீட்டிலும் கிளம்புகிறவர்களிடம் "போயிட்டு வா" என்றுதான் சொல்வார்கள். பிடிக்காதவர்களிடமும் அப்படித்தான் சொல்வார்கள்.

"போ" என்றார்.

போனேன்.

பிரவீனா